அசதியின் விலை

நம் மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் கேட்கும் சொற்றொடர் ஒன்று உண்டு: "ஒரு சோலியும் ஏல மாட்டேங்கு டாக்டர்." விரலால் தொட்டுக் காட்ட ஓர் இடம் இல்லாத நோய் இது. சேரன்மகாதேவியிலிருந்தோ முக்கூடலிலிருந்தோ பேருந்தேறி வந்த பெண்மணி, குழந்தையின் காய்ச்சலையும் மாமியாரின் சர்க்கரை நோயையும் பற்றிப் பேசி முடித்து, எழுந்து புறப்படும் வேளையில்தான் தம்மைப் பற்றி இதனைச் சொல்வார். சொன்ன கையோடு, "அது ஒண்ணுமில்ல, அசதிதான்" என்று தாமே விடையும் கூறிவிடுவார். கீழிமையைச் சற்றே இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருக்கும். ஆய்வகச் சீட்டில் ஹீமோகுளோபின் 8 என்றோ 9 என்றோ வரும்.

ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் எத்தனை கிராம் இருக்கிறது என்பதே அந்த எண். கருவுறாத பெண்ணுக்கு 12, கருவுற்றவருக்கு 11, ஆணுக்கு 13. இவற்றிற்குக் கீழே இறங்கினால் அது இரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இக்குறை உள்ளது. இந்திய அளவில் அது 57 விழுக்காடு. பாதிப் பேருக்கு மேல் இருப்பதை யாரும் நோய் என்று எண்ணுவதில்லை. பெண்களின் இயல்பு என்றே எண்ணிக்கொள்கிறோம்.

சில நாடுகள் செல்வம் பெறுவதும் சில நாடுகள் பின்தங்குவதும் ஏன் என்பது பொருளியல் அறிஞர்கள் நெடுங்காலமாக வினவி வரும் கேள்வி. நிலம், முதலீடு, இயந்திரம், கல்வி, நல்லாட்சி என்று விடைகள் பல. உழைப்பவரின் உடல்நலமும் ஒரு விடை என்பது சற்றுத் தாமதமாகவே ஏற்கப்பட்டது. அதற்கான சான்றுகளில் தெளிவான ஒன்று, நமக்கு அயலாரல்லாத மக்களிடமிருந்து, இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து கிடைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, சேலம், இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து இலட்சக்கணக்கானோர் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். தூத்துக்குடி வழியே கப்பலேறியோரைத் தடுத்துவைத்து நோய் உண்டா என்று பார்த்தனுப்பத் தட்டப்பாறையில் ஒரு முகாம் இருந்தது. பிற்காலத்தில் அப்பணி மண்டபம் முகாமுக்கு மாறியது. கடல் கடந்தவர்களின் வழித்தோன்றல்களே இன்றும் மலையகத்தின் தேயிலைத் தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையோர். கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை. செங்குத்தான சரிவில், முதுகில் கூடை தொங்க, அதன் கயிறு தலையை அழுத்த, நாள் முழுவதும் ஏறி இறங்கும் வேலை அது. மாலையில் கொழுந்து நிறுக்கப்படும். ஆகவே ஒருவரது ஒரு நாள் உழைப்பு எவ்வளவு என்பது கிலோ கணக்கில் ஏட்டில் இருக்கும். ஆராய்ச்சியாளருக்கு இதைவிட வசதியான களம் கிடைப்பது அரிது.

அத்தோட்டப் பெண்களிடையே நடத்திய ஆய்வொன்று 1979-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு சாராருக்கு இரும்புச்சத்து மாத்திரையும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து, இருசாராரும் பறித்த கொழுந்தை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில், ஹீமோகுளோபின் உயர்ந்த பெண்கள் முன்னைவிடக் கூடுதலாகப் பறித்தனர். 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே இருந்தவர்களிடம் முன்னேற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. தோட்டத்துக்கு வெளியே, அன்றாட வாழ்விலும் அவர்களது நடமாட்டம் கூடியிருந்ததைக் கருவி வைத்து அளந்தார்கள். கங்காணி மாறவில்லை, கூலி முறை மாறவில்லை, மலைச்சரிவும் மாறவில்லை. மாறியது இரத்தம் ஒன்றுதான்.

இதன் கணக்கு கடினமானதன்று. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 13 கிராம் உள்ள பெண்ணின் 100 மில்லிலிட்டர் இரத்தம் 17 மில்லிலிட்டருக்கு மேல் ஆக்சிஜன் கொண்டுசெல்லும்; 7 கிராம் உள்ளவரின் இரத்தம் 9 மில்லிலிட்டரை ஒட்டியே கொண்டுசெல்லும். ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. மற்றவர் நடந்து ஏறும் படியில் இவர் ஓடுவதற்கு ஒப்பான சுமையைத் தாங்குகிறார். மூச்சிரைப்பும் படபடப்பும் வந்து, பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்.

பாதியில் உட்காரும் பெண்ணுக்கு ஊர் வைக்கும் பெயர் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. என் ஆச்சி கோடகன் கால் பாசன வயல்களில் நடவுக்குப் போனவர். கார்ப்பருவத்திலும் பிசானத்திலும் வரிசையில் முதலாவதாக வரப்பேறி உட்கார்பவர் அவரே என்பது குடும்பத்தில் நெடுங்காலம் சொல்லிச் சிரித்த வேடிக்கை. அவர் எட்டுப் பிள்ளைகள் பெற்றவர். வீட்டில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்டவர். செருப்பணியாமல் சேற்றில் நின்றவர். மருத்துவம் படித்த பிறகுதான் அந்த வேடிக்கையைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வராமல் போயிற்று.

இரத்தம் குறைவதற்குக் காரணம் உணவு மட்டுமன்று. கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலின் சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழும். கழிப்பறை இல்லாத, ஈரமண் நிறைந்த இடங்களெல்லாம் அதற்கு உகந்தவை. தோட்டத்து லயங்களைச் சுற்றிய நிலமும் அத்தகையதே. 1916-இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கியது. அந்த அறக்கட்டளைக்கு இவ்வேலையைக் கற்றுத் தந்த களம் அமெரிக்காவின் தென்மாநிலங்கள். பருத்தி விளையும் அவ்வட்டாரத்தின் ஏழை மக்களை வடபகுதியினர் பிறவிச் சோம்பேறிகள் என்று எள்ளி வந்தனர். 1902-இல் அவர்களிடம் இப்புழு பரவியிருப்பதைச் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்னும் அறிஞர் அறிவித்தபோது, நாளிதழ்கள் அதற்குச் 'சோம்பல் கிருமி' என்றே பெயர் சூட்டின. எள்ளலாக வைத்த பெயர்தான். ஆயினும் அதில் உண்மை இருந்தது.

1909-இல் ஜான் ராக்பெல்லர் அளித்த பத்து இலட்சம் டாலரைக் கொண்டு, ஊர் ஊராகச் சென்று மருந்து கொடுத்தார்கள். கழிப்பறை கட்டச் சொன்னார்கள். காலணி அணியச் சொன்னார்கள். அப்போது அங்குப் பள்ளி வயதுச் சிறுவரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் புழு இருந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஹாய்ட் பிளீக்லி என்னும் பொருளியலாளர் பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகளைப் புரட்டி, அச்சிறுவர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று தேடினார். புழு மிகுந்திருந்து பின்பு ஒழிந்த மாவட்டங்களில் பிள்ளைகள் பள்ளிக்குக் கூடுதலாகச் சென்றிருந்தனர். பெரியவர்களானபின் கூடுதலாக ஈட்டியும் இருந்தனர்.

இந்தோனேசியாவின் இரப்பர்த் தோட்டங்களில் 1970-களில் நடந்த ஆய்வு இன்னும் சுவையானது. இரத்தசோகை உள்ள ஆண்கள் மற்றவரைவிடக் குறைவாகவே பால் வடித்தனர். 60 நாள் இரும்புச்சத்து மாத்திரை உண்டபின் அந்த வேறுபாடு மறைந்தது. ஆனால் வெற்று மாத்திரை உண்டவர்களிடமும் ஓரளவு முன்னேற்றம் தென்பட்டது. காரணத்தைத் தேடியபோது, ஆய்வில் பங்கேற்றதற்காகக் கொடுத்த சிறு தொகையை அவர்கள் கீரை முதலிய உணவுக்குச் செலவிட்டிருந்தது தெரியவந்தது! கையில் சற்றுக் காசு, அதனால் சற்று நல்ல உணவு, அதனால் சற்றுக் கூடுதல் உழைப்பு, அதனால் மீண்டும் காசு. இந்தச் சுழற்சி மேல்நோக்கிச் சுற்றினால் வளர்ச்சி; கீழ்நோக்கிச் சுற்றினால் தலைமுறை தலைமுறையாக வறுமை.

ஒரு தோட்டத்துக்குப் பொருந்துவது ஒரு நாட்டுக்கும் பொருந்துமா? 1993-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் போகல் பிரிட்டனின் பழைய உணவுக் கணக்குகளையும் படைவீரர்களின் உயர அளவுகளையும் ஆராய்ந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் மிக ஏழையரான ஐந்தில் ஒரு பங்கினர், நாளில் சில மணி நேர இலகுவான வேலைக்கு மட்டுமே போதுமான உணவு பெற்றிருந்தனர் என்று அவர் கணித்தார். தெருவோரம் கிடந்த அவர்களையும் அக்காலத்தவர் சோம்பேறிகள் என்றே ஏசினர். 1790 முதல் 1980 வரை பிரிட்டனில் தலைக்குரிய வருமானம் வளர்ந்ததில் ஏறத்தாழ 30 விழுக்காடு, மக்களின் ஊட்டமும் உடல்நலமும் மேம்பட்டதால் வந்தது என்பது அவரது மதிப்பீடு.

இங்கே ஒரு எதிர்வாதத்தையும் சொல்லிவிடுவது நேர்மை. நலம் பெருகிய நாடெல்லாம் உடனே செல்வம் பெற்றுவிடவில்லை. இதற்கும் இலங்கையே எடுத்துக்காட்டு. 1946-இல் டி.டி.டி. தெளித்து மலேரியாவை ஒடுக்கியபோது, ஆயிரம் பேருக்கு 20 என்ற அளவில் இருந்த இறப்பு விகிதம் மறு ஆண்டே 14 என்ற அளவுக்கு இறங்கியது. உலகமே வியந்த சாதனை அது. இறப்பு குறைந்ததால் மக்கள்தொகை பெருகியது. பகிர்ந்துகொள்ள வேண்டிய வாய்களும் பெருகின. தலைக்குரிய வருமானம் அதே வேகத்தில் உயரவில்லை. பல நாடுகளின் கணக்குகளை ஒருங்கே ஆராய்ந்த அசெமோக்லு, ஜான்சன் என்னும் இருவரும் 2007-இல் இதே முடிவுக்கு வந்தனர்: ஆயுள் நீண்டதால் மட்டும் வருமானம் பெருகிவிடவில்லை.

என் எண்ணத்தில் இவ்விரு செய்திகளும் முரண்பட்டவை அல்ல. சாவைத் தள்ளிப்போடுவது ஒன்று. உயிரோடிருப்பவரை வலுவோடிருக்கச் செய்வது வேறொன்று. மலேரியாவை ஒடுக்கிய இலங்கையில் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் 6 கிராம் இரத்தத்தோடு கொழுந்து பறித்த பெண்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டின் நிலையும் இத்தகையதே. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் மாநிலத்தில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 13 குழந்தைகளே ஓராண்டுக்குள் இறந்தன. இந்திய சராசரி 28. தாய்மாரையும் குழந்தைகளையும் சாவிலிருந்து காப்பதில் நாம் பெருமைப்படத்தக்க நிலையை எட்டிவிட்டோம். அவர்களை அசதியிலிருந்து காப்பதில் அவ்வாறு சொல்ல இயலாது.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இதன் பொருள் என்ன? முக்கூடல், வீரவநல்லூர், மேலப்பாளையம், ஆலங்குளம் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களுக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணித் தரப்படுகிறது. நடவுக்கும் களைக்கும் செல்வோர் குழுவாகக் கூலி பேசுகிறார்கள். மேலே மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து ஆகிய ஊர்களில் தேயிலை பறித்து வாழ்ந்த குடும்பங்கள், 2024-இன் நடுவில் அங்குப் பணி நின்றபின் கீழே இறங்கி வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. இவர்களுள் எவருக்கும் மாதச் சம்பளமோ நோய்க்கால விடுப்போ தரும் வேலை எளிதில் கிடைப்பதில்லை. உடலில் ஏலாத நாள், கூலி இல்லாத நாள். ஒரு பெண் நாளொன்றுக்கு இருநூறு பீடி குறைவாகச் சுற்றினால் அது எந்த நாட்டு வருமானக் கணக்கிலும் தனியே தெரியாது. அந்த வீட்டின் மளிகைக் கணக்கில் தெரியும்.

1956-இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது நம் பழைய நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்தில்தான். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்ற எளிய அறிவே அதற்கு அடிப்படை. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 முதல் காலை உணவும் சேர்ந்தது. பொருளியல் நூல்கள் இதனை 'மனித முதலீடு' என்று அழைக்கின்றன. அன்று சோறு உண்ட பிள்ளைகள்தாம் இன்று தமிழ்நாட்டின் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் உழைக்கும் தலைமுறை. ஆனால் பள்ளியை விட்டு வெளியேறி, திருமணமாகி, வீட்டில் கடைசியாக உண்ணத் தொடங்கும் பெண்ணுக்கு அப்படியொரு தட்டு நிச்சயமில்லை.

ஆகவே வாசகர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். கருவுற்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அடங்கிய மாத்திரை 180 நாளும், பேறுக்குப் பின் மேலும் 180 நாளும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாத்திரை உண்டு. வாங்கிய மாத்திரை அலமாரியிலேயே தங்கிவிடுவதுதான் நாங்கள் அடிக்கடி காண்பது. மலம் கறுத்துப் போகும், அது தீங்கன்று. குமட்டலும் மலச்சிக்கலும் சிலருக்கு வரும். அப்போது மாத்திரையை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ வகையையோ மாற்றித் தருவார்.

தேநீரையும் காப்பியையும் உணவோடும் மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். தேயிலை பறித்த பெண்களின் இரத்தத்தை அவர்கள் குடித்த தேநீரும் குறைத்திருக்கக் கூடும் என்பது கசப்பான வேடிக்கை. மாறாக, எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவை இரும்பு சேர உதவும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், காணத் துவையல் நல்லவை. புலால் உண்போருக்கு ஈரலும் சுவரொட்டியும் மீனும் மேலும் விரைவாகப் பயன் தரும். ஆனால் ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கிய ஒருவரை உணவால் மட்டும் உயர்த்திவிட முடியாது. "கருப்பட்டியும் எள்ளும் குடுத்துப் பாக்கோம்" என்று மாதக்கணக்கில் காத்திருந்து, இதயம் வீங்கி வந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

காரணத்தைத் தேடாமல் மாத்திரை மட்டும் உண்பதும் சரியன்று. மாதவிடாயில் மிகுதியான இரத்தப்போக்கு இருந்தால் அதைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள். ஐம்பது வயதைக் கடந்த ஆணுக்கோ பெண்ணுக்கோ புதிதாக இரத்தம் குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ கசிவு உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும். புற்றுநோயின் முதல் அறிகுறி சிலரிடம் அதுவாகவே இருக்கிறது. பரம்பரையாக வரும் சில வகை இரத்தசோகைகளுக்கு இரும்பு பயன்படாது. சில வேளை தீங்கும் செய்யும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்கினார்களா என்று கேளுங்கள். வயலுக்குச் செல்வோர் வரப்பு வரையிலாவது செருப்பு அணிவது நல்லது.

பெய்ஜிங் நகரப் பஞ்சாலை ஒன்றில் பெண் தொழிலாளரிடையே நடந்த ஆய்வையும் சொல்லி முடிக்கிறேன். விக்கிரமசிங்கபுரம் ஆலையின் சங்கொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். 12 வாரம் இரும்பு மாத்திரை உண்டபின், வேலை நேரத்தில் அவர்களது இதயத்துடிப்பு தணிந்தது. அதே வேலையைக் குறைந்த உடல் வருத்தத்தோடு செய்தனர். மீந்த வலு எங்கே போயிற்று? ஆலைக்கு வெளியே, ஓய்வு நேரத்திலும் வீட்டிலும் அவர்கள் முன்னைவிடச் சுறுசுறுப்பாக இருந்தார்கள். எந்த நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கிலும் இது வராது. ஆனால் சிகிச்சை முடிந்து மறுமுறை வரும் பெண்களிடம் "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், அவர்கள் கூலியைப் பற்றி முதலில் சொல்வதில்லை. சாயங்காலம் பிள்ளையோடு உட்கார்ந்து பேச முடிகிறது என்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: எண் 12-ஐத் தொட்டபின்னும் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தாதீர்கள், உடலின் சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் ஆகும், அடுத்த முறை வரும்போது பழைய சீட்டையும் எடுத்து வாருங்கள்.